பன்னிரண்டால் வகுத்த தீபாவளி

கீழ்வீட்டுப் பெண் அந்தத் தாள்கட்டைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பியபோது இரவு எட்டரை இருக்கும். அவள் பையனுக்கு நான்கு வயது. மேசைக்கு அடியில் புகுந்து, என் செருப்புக்குள் தன் பொம்மைக் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதை நிரப்பிக் குடுக்கணுமாம். திங்கக்கிழமை வாய்தா."

ஜீவனாம்ச வழக்கில் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரம். வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் சத்தியம் பண்ணி எழுதித் தர வேண்டும். பிள்ளைக்கு மாதம் என்ன செலவாகிறது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். பால் என்று எழுதி எதிரே 1,500 போட்டாள். வேன் கட்டணம் போட்டாள். பள்ளிக் கட்டணத்தில் பேனா நின்றுவிட்டது. அது டெர்முக்கு ஒருதரம் கட்டுவது. சட்டை வாங்குவது தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும். போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை எந்த மாதக் கணக்கில் எழுதுவது?

ஈசிசேரில் கண்ணை மூடிக்கிடந்த அம்மா, மூடியபடியே சொன்னாள். "ஏட்டி, வருசச் செலவை எல்லாம் ஒண்ணாக் கூட்டிப் பன்னெண்டால வகு. தீபாவளியையும் வகுத்துப் போடு. நீ எழுதாம விட்டா தீபாவளி வராமலா போயிரும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "ஆச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அந்தக் கம்பியை எடுத்துட்டு வா."

அந்தக் காலத்து வீடுகளில் கடிதம் குத்தி வைக்க ஒரு கம்பி இருக்கும். அடியில் வட்டமாக ஒரு மரத்துண்டு, நுனியில் கொக்கி. மற்றவர்கள் வீட்டுக் கம்பியில் இன்லண்டு லெட்டரும் கல்யாணப் பத்திரிகையும் தொங்கும். எங்கள் கம்பியில் மணியார்டர் துண்டுகள் மட்டும். வீடு மாறும்போதெல்லாம் பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் அது கூடவே வந்தது. எடுத்து மேசையில் வைத்ததும் துருவும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை எழுந்தது. அந்த வாடைக்கு எனக்கு ஏழு வயது.

எமர்ஜென்சி நேரம். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தாமிரபரணிக் கரையில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா வேறொரு ஊரில் மில் ஆபீசில் கணக்கெழுதினார். ஏன் பிரிந்தார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அம்மாவே அதை எனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஒருநாள் மாமா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அழைத்துப்போனார். வக்கீல் பேசியது குறைவு. விஷயம் எல்லாம் அவருடைய குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். காதில் பென்சில், சட்டைப் பையில் பொடி டப்பி, வாயில் செக்‌ஷன் நம்பர்.

"நல்ல நேரத்துல வந்திருக்கேம்மா. பழைய சட்டம்னா 488. அவன் இருக்குற ஊர்ல, இல்லைன்னா அவனோட கடைசியாக் குடியிருந்த ஊர்லதான் மனுப் போட முடியும். இப்ப 125 வந்துட்டு. நீ இருக்குற ஊர்லயே போடலாம். அவன் இங்க வரட்டும், பஸ் சார்ஜ் போட்டு."

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரலில்தான் நடப்புக்கு வந்திருந்தது. எங்கோ டெல்லியில் மாற்றிய ஒரு வரியால் அம்மாவுக்கு மாதம் ஒரு பஸ் பயணம் மிச்சம் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்ததெல்லாம் கோர்ட்டுக்குப் போகிற நாளில் பள்ளிக்கூடம் கிடையாது, மத்தியானம் எலுமிச்சம்பழச் சாதம் உண்டு என்பதுதான்.

கோர்ட் வளாகத்தில் இரண்டு வேப்பமரங்கள். ஒன்றின் அடியில் நாங்கள், மற்றதன் அடியில் அப்பா. நடுவில் சைக்கிள்கள். டவாலி வெளியே வந்து அம்மா பெயரை மூன்றுமுறை கத்திக் கூப்பிடுவார். ஊரே கேட்கிற மாதிரி யாரோ ஒருவர் அம்மாவைப் பெயர் சொல்லி அழைப்பது எனக்கு அவமானமாக இருக்கும். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் போவாள். பெரும்பாலும் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவாள். வாய்தா. ஒருமுறை மற்ற மரத்தடியிலிருந்து டீக்கடைப் பையன் வந்து என் கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துவிட்டு ஓடினான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தின்றுவிட்டேன்.

குறுக்கு விசாரணை நடந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்க ஜாக்கெட் தைக்கிறீங்கல்ல?"

"தைக்கேன். ஒண்ணுக்கு ரெண்டு ரூபா."

"பிள்ளை உங்க அண்ணன் வீட்லதான சாப்பிடுது?"

"சாப்பிடுது. அண்ணன் பெத்த பிள்ளை இல்லையே."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். கீழே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் அதை எழுதுவதா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தார். குமாஸ்தா பிறகு பல வருஷம் இந்தப் பதிலை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் சட்டமும் இருந்தது என்று பின்னால்தான் எனக்கு விளங்கியது. மனைவிக்கு வருமானம் உண்டா, தக்க காரணம் இல்லாமல் பிரிந்து இருக்கிறாளா என்பதெல்லாம் மனைவியின் பங்கைத்தான் தொடும். பிள்ளையின் பங்கு தனி. தகப்பனிடமிருந்து அதற்கு வரவேண்டியதைத் தாயின் குற்றம் குறை எதுவும் அழிக்காது. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் அதே உரிமையைத்தான் அந்தப் பிரிவு கொடுத்திருக்கிறது.

இரண்டு வருஷம் இழுத்து ஆர்டர் வந்தது. அம்மாவுக்கு 100 ரூபாய், எனக்கு 60. மனுப் போட்ட தேதியிலிருந்து கொடுக்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருந்தது, ஆர்டர் தேதியிலிருந்து கொடுக்கச் சொல்லவும் இடம் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது. அந்த இரண்டு வருஷமும் நான் சாப்பிட்டது மாமாவின் கணக்கு.

அந்த 60 எப்படி வந்தது? பெரியவளான பிறகு தீர்ப்பின் நகலை எடுத்துப் பலமுறை படித்திருக்கிறேன். அப்பாவின் சம்பளம் 480. சொசைட்டிக் கடன் பிடித்தம் இவ்வளவு. வயதான தாயார் ஒருவர். இவற்றைக் கருதி என்று ஒரு வரி, அப்புறம் நேராக 60. நான் என்ன சாப்பிடுகிறேன், என்ன படிக்கிறேன், எத்தனை பாவாடை என்று ஒரு சொல் கிடையாது. மாஜிஸ்திரேட்டைக் குறை சொல்லவும் முடியாது, சட்டமே ஒரு கூரை போட்டு வைத்திருந்தது. 1955இல் போட்ட கூரை. மாதம் 500 ரூபாய்க்கு மேல் யாருக்கும் கிடையாது. அதுவும் "மொத்தத்தில்" என்று எழுதியிருந்ததால், குடும்பத்துக்கே மொத்தம் 500தானா, ஆளுக்கு 500ஆ என்று ஊரூராகச் சண்டை. எங்கள் ஆர்டர் வந்த சமயம், 1978இல், கிருஷ்ணய்யர் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு அது ஆளுக்கு 500தான் என்று தீர்த்துவைத்தது. குமாஸ்தா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வக்கீல் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அவன் சம்பளமே ஐநூறு இல்லையே அய்யா."

ஆக, என் மாத விலை 60 ரூபாய். பள்ளியில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், அறுபது ரூபாய் அனுப்புகிறார் என்றுதான் முதலில் மனசில் வரும். அதை நான் வெளியில் சொன்னதில்லை.

முதல் மணியார்டர் வந்தபோது போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து எண்ணினார். 150 ரூபாய்ச் சொச்சம். அம்மா கையெழுத்துப் போடாமல் நின்றாள். அனுப்பும் கமிஷனை அப்பா அதிலேயே கழித்திருந்தார்! அம்மா பணத்தை வாங்கிக்கொண்டாள், துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டாள், மறுநாள் காலை குமாஸ்தா வீட்டுத் திண்ணையில் இருந்தாள். "ஆர்டர்ல கமிஷன் கழிக்கச் சொல்லலியே?" வக்கீல் ஒரு கடிதம் எழுதினார். அடுத்த மாதம் முதல் 160 முழுசாக வந்தது. அன்றைக்குத்தான் மாமா கம்பி வாங்கி வந்தார்.

மணியார்டர் துண்டில் சேதி எழுத ஒரு சிறிய இடம் இருக்கும். மற்றவர்களுக்கு அதில் 'நலம், நலமறிய ஆவல்' வரும். எங்களுக்கு வழக்கின் எம்.சி. நம்பரும் மாதத்தின் பெயரும். அவ்வளவுதான். ஆனாலும் போஸ்ட்மேன் போனதும் அம்மா அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பாள், பணத்தைப் பிறகு எண்ணுவாள். எல்லாத் துண்டிலும் அதே சாய்ந்த கையெழுத்து, அதே கறுப்பு மை. கணக்கெழுதுகிறவர் அல்லவா.

ஒரே ஒரு துண்டு மாறி இருக்கும். நான் பெரியமனுஷி ஆன சேதி யார் வழியாகவோ அவருக்குப் போயிருக்கிறது. அந்த மாதம் 211 ரூபாய் வந்தது. எம்.சி. நம்பர், மாதம், அதற்குக் கீழே 'சடங்குக்கு 51'. மாமா வீட்டில் இருந்த என் ஆச்சி அழுதாள். குமாஸ்தா மட்டும் எச்சரித்தார்: "தனியாக் குறிச்சு வையிம்மா. நாளைக்கு இதைப் பாக்கியில கழிக்கப் பாப்பாங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த வருஷம் மணியார்டர் நின்றது. அப்பாவின் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டு அம்மா பொறுத்துக்கொண்டாள். "கிழவி என் கையால சாப்பிட்டவ" என்பாள். அப்படிப் பொறுத்ததில் பதினான்கு மாதம் ஓடிவிட்டது. பிறகு போனால் குமாஸ்தா தலையில் கைவைத்துக்கொண்டார். பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்டு கிடைக்கும். முதல் இரண்டு மாதம் கைவிட்டுப் போயிற்று. இரக்கத்துக்கும் காலக்கெடு உண்டு என்று அம்மா அன்று தெரிந்துகொண்டாள். மாமியார்க்காரி இறந்த சேதிக்குப் போயும் வந்தாள், அது வேறு விஷயம்.

கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்பதுதான் சட்டம். உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது, பாக்கி பாக்கிதான் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. வாரண்டு போனதும் அப்பா பணத்தோடு கோர்ட்டுக்கு வந்தார். அவர் வக்கீல் கணக்குப் படித்தார், பாக்கியில் 51 ரூபாய் ஏற்கெனவே அதிகமாகக் கொடுத்தது, அதைக் கழிக்க வேண்டும் என்று. அப்போது பின்னாலிருந்து அப்பா பேசினார். நான் அவர் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "அதைக் கழிக்க வேண்டாம்யா. அது வேற கணக்கு."

கமிஷனைக் கழித்தவரும் அவர்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

நான் மேல்வகுப்புக்குப் போனபோது தொகையைக் கூட்டச் சொல்லி மனுப் போட்டோம். என் பங்கு 60இலிருந்து 110 ஆயிற்று. அதற்காக அம்மா ஒரு நோட்டுப் போட்டாள். நோட்டுப்புத்தகம், ஜியாமெட்ரி பாக்ஸ், யூனிபாரம், வருஷத்துக்கு ஒரு செருப்பு, தீபாவளிக்குப் பாவாடை தாவணி. எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தாள். அவள் படித்தது ஐந்தாவது. மீதி வந்த பைசாவை விடாமல் எழுதியிருந்தாள். கோர்ட்டில் அந்த நோட்டை யாரும் திறக்கவில்லை.

பதினெட்டு வயது முடிந்த மாதம் 100 ரூபாய் மட்டும் வந்தது. என் பங்கு துல்லியமாக நின்றுவிட்டது. அவர் என் பிறந்தநாளை நினைவு வைத்திருந்தார் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சி அதுதான். சட்டப்படி தவறில்லை, 125 மேஜர் ஆகும் வரைதான், உடலோ மனமோ முடியாத பிள்ளை என்றால் அதற்கு அப்பாலும். குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. 1956இன் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 20ஆம் பிரிவில் கல்யாணம் ஆகாத மகளுக்கு வழி உண்டு, தனியாகப் போடலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். 2020இல் அபிலாஷா என்கிற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையே சொன்னதாகப் பேப்பரில் பார்த்தபோது குமாஸ்தாவின் பொடி டப்பி நினைவுக்கு வந்தது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று.

கீழ்வீட்டுப் பெண்ணோடு இப்போது நான்தான் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய் வருகிறேன். 1984 சட்டத்தில் வந்த கோர்ட் இது. வக்கீல் வைத்துக்கொள்வதை இங்கே உரிமையாகக் கேட்க முடியாது, நீதிபதி அனுமதிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வக்கீல் இல்லாதவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இவளுக்கு இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் வருமான வரம்பு கிடையாது. பலருக்கு இது தெரியாமல், தாலியைக் கழற்றிப் பீஸ் கட்டுகிறார்கள். முதலில் கவுன்சிலிங். அது ஒத்துவராவிட்டால் விசாரணை. வேப்பமரம் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. டவாலி இன்னும் மூன்றுமுறைதான் கூப்பிடுகிறார்.

புதுச் சட்டத்தில் 125 போய் 144 ஆகிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து. ஒருநாள் கீழ்வீட்டுப் பெண் என் அம்மாவிடம், "ஆச்சி, 144 போட்டிருக்கோம்" என்றாள். அம்மா பதறிப்போனாள். "எங்கட்டி கலவரம்? நீ ஏன் வெளிய போனே?" ஊரில் நாலு பேர் கூடக்கூடாது என்றால்தானே அந்த நம்பர்! தடையுத்தரவு இப்போது வேறு நம்பருக்குக் குடிபோய்விட்டது என்று விளக்க அரைமணி நேரம் ஆயிற்று.

நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும், "சம்பளத்துல கால்வாசி குடுப்பாங்கல்ல" என்று கேட்கிறார்கள். 2017இல் ஒரு வழக்கில் கணவனின் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வாய்வாய்க்கு மாறிச் சட்டமாகிவிட்டது. உண்மையில் நம் நாட்டில் அப்படி ஒரு வாய்ப்பாடு கிடையாது. தகப்பனின் வருமானம், தாயின் வருமானம், பிள்ளையின் வயது, படிப்பு, வைத்தியம், சேர்ந்து இருந்தபோது எப்படி வாழ்ந்தார்கள், அவரை நம்பி வேறு யார் இருக்கிறார்கள், எல்லாம் பார்த்து நீதிபதி ஒரு தொகைக்கு வருகிறார். 500 ரூபாய்க் கூரையை 2001இல் பிரித்துப் போட்டார்கள். நாற்பத்தாறு வருஷம் நின்றிருக்கிறது. இடைக்காலத் தொகை கேட்டால், நோட்டீஸ் சேர்ந்து அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் அப்போதே சேர்த்தார்கள். இந்தப் பிரமாணப் பத்திரம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ், நேஹா வழக்குத் தீர்ப்பில் வந்தது. மனுப் போட்ட தேதியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பதும் அதில்தான். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா விரலை மடக்கி இருபத்துநாலு மாதத்தை எண்ணினாள். ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பத்திரத்தில் எனக்குப் பிடித்தது, எதிர்த்தரப்பும் எழுதியாக வேண்டும் என்பது. பையனின் அப்பா சென்னையில் கார் ஓட்டுகிறார். மாதம் 12,000தான் கிடைக்கிறது என்று எழுதியிருந்தார். கூடவே பேங்க் ஸ்டேட்மென்ட் வைக்க வேண்டுமே. வக்கீலம்மா ஒரு வரியில் விரலை வைத்தார். மாதாமாதம் காருக்குத் தவணை 9,400. மீதி 2,600 ரூபாயில் ஒரு ஆள் சென்னையில் ஒரு மாதம் இருந்துவிட முடியுமா என்று நீதிபதி கேட்டதற்கு அந்தப் பக்கம் பதில் இல்லை.

ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பதால் அவளுக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்கு இடைக்காலமாக மாதம் 6,500. அவள் நோட்டில் தீபாவளி உட்பட வகுத்து வந்த தொகை 8,140. இந்தத் தடவை நீதிபதி அந்தக் கட்டங்களைப் படித்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஐப்பசி மாதத்து ஆஸ்பத்திரி பில்லை எடுத்துக் காட்டச் சொன்னார்.

முதல் பணம் போன வாரம் வந்தது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"சேதி என்ன போட்டிருக்கான்?"

"பணம் வந்திருக்கு ஆச்சி, ஆறாயிரத்து ஐந்நூறு."

"அது சரிட்டி. சேதி எழுதுற இடத்துல?"

அவள் விரலால் தள்ளித் தேடினாள். "எம்.சி. நம்பர் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். "தேதியும் தொகையும் ஒரு தாள்ல எழுதி வை. ஒரு மாசம் வரலைன்னாலும் வக்கீலம்மாகிட்டப் போய் நிக்கணும், பாவம் பாத்துக்கிட்டு உக்காந்திராத."

நான் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் எழுதினாள். குத்துவதற்காகக் கம்பியிலிருந்த பழைய துண்டுகளை உருவப் போனேன்.

"அதை ஏன் உருவுதே?" என்றாள் அம்மா. "மேல இடம் கிடக்குல்லா."